வர முடியாத சிநேகிதி

"வாணியம்பாடிக்கா? நீயா? அதுவும் தனியா?"

வசீம் டீ தம்ளரை நங்கென்று வைத்தான்.

"ஆமாண்டா. நானேதான் ஓட்டிக்கினு போறேன்" என்றாள் அவன் அம்மா ஃபக்ருன்னிசா.

நேற்றுதான் அவளுடைய இத்தா முடிந்திருந்தது. கணவர் பஷீருதீன் இறந்த நாளிலிருந்து நாலு மாதம் பத்து நாள், குமணன்சாவடியில் இருக்கும் அந்த வீட்டின் வாசற்படியைக்கூட அவள் தாண்டவில்லை. முடிந்த மறுநாளே ஆல்டோ சாவியைக் கையில் எடுத்தால் எந்த மகன்தான் சும்மா இருப்பான்?

"நீ இதுவரிக்கும் ஓட்டுனதே திருவேற்காடு, பருத்திப்பட்டு. அதுவும் அத்தா பக்கத்துல குந்திக்கினு இருந்தப்போ. இது நூத்தியெம்பது கிலோமீட்டரும்மா! பஸ்ஸுல போயேன்."

"நான் நிக்கணும்னு நெனைக்கிற எடத்துல பஸ்ஸு நிக்காது."

எந்த இடமென்று வசீமுக்குப் புரிந்தது. முகம் கறுத்தது. ஆம்பூரில் தன் செருப்புக்கடைக்குச் சரக்கு எடுத்துக்கொண்டு பஷீருதீன் வேனில் திரும்பி வந்த நாள். பள்ளிகொண்டாவுக்குப் பக்கத்தில், எதிர்ப்பக்கம் வந்த லாரி சாலைத் தடுப்பை உடைத்துக்கொண்டு வேன் மீது சரிந்த இடம்.

"அந்த லாரிக்காரன் தூங்கிக்கினே ஓட்டுனான் பாரு, அவன் குடும்பம் நல்லாவே இருக்காதும்மா."

"வாய மூட்றா!"

அம்மா இப்படிக் கத்தி அவன் கேட்டதேயில்லை. அடுப்படியிலிருந்து அவன் மனைவி இஃபத் எட்டிப் பார்த்தாள்.

"சாபம் உடாதே. நம்ம ஊட்ல அந்தப் பேச்சே வேணாம்."

இஃபத்தான் பேச்சை மாற்றினாள்.

"மாமி, அந்த ரேஷ்மாவையா பாக்கப் போறீங்க? தெனமும் அசர் தொழுதுட்டு ஃபோன்ல பேசுவீங்களே, அவங்களையா?"

"அவளத்தான்."

யார் இந்த ரேஷ்மா என்று வீட்டில் யாருக்கும் சரியாகத் தெரியாது. பஷீருதீன் இறந்த பத்தாம் நாள் ஒரு ஃபோன் வந்தது. அரைமணி நேரம் இரண்டு பக்கமும் அழுகைதான். அதன்பிறகு ஒருநாள்கூடத் தவறியதில்லை. சாப்பாடே வேண்டாமென்று கிடந்த ஃபக்ருன்னிசா, "சாப்ட்டீங்களா அக்கா?" என்று அவள் கேட்பாளே என்பதற்காகவே சாப்பிட ஆரம்பித்தாள். அந்த ஒரு நன்றி இஃபத்துக்கும் உண்டு. ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை.

"தப்பா நெனச்சிக்காதீங்க மாமி. இவ்ளோ உசுரா பேசறவங்க, ஒரே ஒரு தபா வந்து உங்கள பாத்துட்டுப் போயிருக்கலாம் இல்ல?"

"அவளால வர முடியாது."

"ஏன், ஒடம்பு முடியாதவங்களா?"

ஃபக்ருன்னிசா அலமாரியைத் திறந்தாள். பஷீருதீன் கடைசியாக எடுத்த சரக்கிலிருந்து ஒரு ஜோடி பள்ளிக்கூட ஷூவைப் பையில் வைத்தாள். ஆறு வயதுப் பிள்ளைக்கான அளவு.

"செரி, நானும் வர்றேன். நான் ஓட்றேன், நீ குந்து." வசீம் எழுந்தான்.

"நீ வேணாம். நீ வந்தா அவ கதவே தொறக்க மாட்டா."

அந்நிய ஆண்கள் முன்னால் பெண்கள் வராத கோஷா வீடு போலிருக்கிறது என்று நினைத்து அவன் அடங்கினான். "டோல்கேட்டுக்கு டோல்கேட் ஃபோன் பண்ணணும், ஆமா."

பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டு எதிரிலேயே வண்டி நின்றுபோனது. பின்னால் ஷேர் ஆட்டோக்கள் ஹாரன் அடித்தே காதைக் கிழித்தன. 'பதறாத ஃபக்ரு, கிளச்ச மெதுவா உடு' என்று பஷீருதீன் வழக்கமாகச் சொல்வது நினைவுக்கு வந்தது. மெதுவாக விட்டாள். வண்டி நகர்ந்தது.

ஸ்ரீபெரும்புதூர், வாலாஜா, வேலூர் எல்லாம் பின்னால் போயின. ஒவ்வொரு லாரியும் உரசிக்கொண்டு போகும்போது வேகத்தைக் குறைத்து ஓரம் ஒதுங்கினாள். திரும்பிவிடலாமா என்று இரண்டு முறை நினைத்தாள். பள்ளிகொண்டா தாண்டியதும் ஓரம் கட்டி இறங்கினாள். சாலைத் தடுப்பில் ஓர் இடம் மட்டும் புதிதாகப் பூசப்பட்டிருந்தது. அதைப் பார்த்தபடி கையேந்தி இரண்டு முறை ஃபாத்திஹா ஓதினாள். பிறகு காருக்குள் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அழுது முடித்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு, மகனுக்கு ஃபோன் போட்டு "டோல்கேட் தாண்டிட்டேண்டா" என்றாள்.

வாணியம்பாடியில் ஒரு சந்தில், ஒற்றை அறை வீடு. கதவைத் திறந்தவளுக்கு முப்பதுக்கு மேல் ஒன்றிரண்டு இருக்கலாம். காதிலும் கழுத்திலும் ஒன்றுமில்லை. அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு ஒரு சின்னப் பெண் வெறுங்காலோடு நின்றது.

"அக்கா... நெஜமாவே வந்துட்டீங்களா? நான்தான் உங்க மூஞ்சில முழிக்க முடியாம..."

குரல்தான் அடையாளம். ஃபக்ருன்னிசா அவளை அப்படியே கட்டிக்கொண்டாள். "நேத்தோட உனக்கும் இத்தா முடிஞ்சிபோச்சே, ரேஷ்மா. இன்னும் இன்னாத்துக்கு இருட்டுலயே கீறே?"

"ரெண்டு பேருக்கும் ஒரே நிமிஷத்துலதானே அக்கா ஆரம்பிச்சுது" என்று தோளில் சாய்ந்து அழுதவளின் பின்னால், சுவர் ஆணியில், அந்த லாரியை ஓட்டி வந்தவனின் காக்கிச் சட்டை தொங்கிக்கொண்டிருந்தது.