இரண்டு கம்பளிகள்

“அவ முழிக்கிறதுக்குள்ள கெளம்பிடலாம்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன், கேட்டியா?” தகரப் பெட்டியைக் கயிற்றால் இறுக்கிக்கொண்டே சேவுகன் பல்லைக் கடித்தான்.

அமிர்தவல்லி அடுப்பை விட்டுத் திரும்பவில்லை. “பெத்த புள்ளைகிட்ட களவாணி மாதிரி நழுவிப் போகணுமா? சொல்லிட்டே போவோம்ங்க. அழுதா அழுவட்டும்.”

அந்த அழுகைக்குப் பயந்துதான் சேவுகன் விடியுமுன்னே கிளம்பப் பார்த்தான். ஐந்து வயது மூக்காயி காலைக் கட்டிக்கொண்டு வீரிட்டால் அரிமளத்தில் பஸ் போய்விடும். திருமயத்தில் ரயிலும் போய்விடும். இலங்கைக்குக் கப்பலேற்றும் மண்டபம் கேம்ப்புக்கு நாளைக்குள் போய்ச் சேராவிட்டால் கண்டிச் சீமையில் வேலையே போய்விடும்.

பெட்டியைத் தூக்கிப் பார்த்தான். “என்னடி இது, காத்தாட்டம் இருக்கு?”

“மொளகாயும் கருவாடும் அங்கிட்டே கிடைக்குதேன்னு எடுக்கல.”

தேயிலைத் தோட்டத்தில் அவனுக்கு இலை அரைக்கும் ஆலையான ஸ்டோரில் ராத்திரி வேலை. அவளுக்குப் பகலில் மலையில் கொழுந்து பறிக்கிற வேலை. இருவரும் கேட்டு வாங்கிய ஏற்பாடுதான் அது. தோட்டத்துப் பிள்ளைக் கொட்டகையில் மூக்காயியை விட்டால் ஆயா அபின் கொடுத்துத் தூங்க வைப்பாள் என்று கேள்வி. அதனால் அமிர்தவல்லி கூடையை இறக்கி வாசலில் கால் வைத்ததும், சேவுகன் கம்பளியைப் போர்த்திக்கொண்டு படி இறங்குவான். காலையில் அவன் வந்தால் அவள் இறங்குவாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் தூங்கி வழிவான். அவள் ஓடையில் துணி துவைப்பாள். மூக்காயி பிறந்த இந்த ஐந்து வருஷத்தில் நிம்மதியாக எதிரெதிரே உட்கார்ந்து ஒரு வேளை கஞ்சி குடித்ததில்லை.

அதற்குத்தான் சேவுகன் இந்த வழியைக் கண்டுபிடித்தான். ஒரே ஒரு வருஷம் மூக்காயியை ஊரில் தன் அக்காவிடம் விட்டால், அவனும் பகல் வேலைக்கு மாறிக்கொள்ளலாம். கங்காணியிடம் சொல்லியாயிற்று. இருவரும் சேர்ந்து மலைக்குப் போகலாம், சேர்ந்து வீடு திரும்பலாம். புருஷன் பெண்டாட்டி மாதிரி இருக்கலாம். அவன் இதைச் சொன்னபோது அமிர்தவல்லி மறுபேச்சுப் பேசவில்லை.

சொந்த ஊருக்கு விடுப்பில் வந்த இந்த ஒரு மாதமும் வேடிக்கையாகத்தான் போனது. அமிர்தவல்லி தண்ணீர்க் குடத்தோடு வாசலில் நுழைந்தால் போதும், மூக்காயி ஓடிப் போய் அப்பாவின் கம்பளியை எடுத்து வந்து நீட்டுவாள். “இந்த வெயிலுக்குக் கம்பளியாடி!” என்று தெருவே சிரித்தது. சேவுகனும் சேர்ந்து சிரித்தான்.

“எங்கடா எம் மருமக?”

இலுப்பூரிலிருந்து அக்கா அமராவதி வந்துவிட்டாள். புருஷனைப் பறிகொடுத்துத் தனியாக இருப்பவள். துணி மூட்டையைத் தொப்பென்று போட்டுவிட்டு, தம்பியை மேலும் கீழும் பார்த்தாள்.

“ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்க நேரமில்லையாமே! அடுத்தது ஒண்ணும் தங்கலையேன்னு நான் கோயில் கோயிலா வேண்டிக்கிட்டுத் திரியிறேன். நான் வேண்டியிருக்க வேண்டியது அந்தத் தோட்டத்து வெள்ளக்காரத் தொரைகிட்டத்தான்!”

“மெதுவாப் பேசுக்கா. புள்ள முழிச்சுக்கும்.”

மூக்காயி ஏற்கெனவே விழித்துவிட்டாள். பாயில் எழுந்து உட்கார்ந்து அத்தையைப் பார்த்தாள். கட்டியிருந்த பெட்டியைப் பார்த்தாள். அப்பாவையும் ஆத்தாவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

சேவுகன் அவள் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். ராத்திரி முழுக்க மனப்பாடம் செய்து வைத்திருந்த பேச்சை ஆரம்பித்தான். “மூக்காயி... அப்பாவும் ஆத்தாவும்...”

அமிர்தவல்லியின் கையில் அகப்பை அப்படியே நின்றது. மகளின் கண்களையே அவள் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூக்காயி எழுந்தாள். கொடியில் கிடந்த கம்பளியை இழுத்து வந்து அப்பாவின் கையில் திணித்தாள்.

“அத்தை வந்துட்டாங்கல்ல, கெளம்புப்பா.”

பிறகு உள்ளே ஓடினாள். நெல்லுக் குதிருக்குப் பின்னாலிருந்து ஒரு மூட்டையை மூச்சு வாங்க இழுத்து வந்தாள்.

“ஆத்தா, ஒன் கம்பளி இங்கிட்டுக் கெடக்கு. நீயும் கெளம்பு.”

அவ்வளவுதான். போய் அமராவதியின் மடியில் சாய்ந்துகொண்டாள். “அத்தை, ஒங்களுக்குப் பகல் வேலையா, ராத்திரி வேலையா?”

அமராவதி அவள் கலைந்த முடியை ஒதுக்கிவிட்டாள்.

இழுத்து வந்ததில் மூட்டை அவிழ்ந்திருந்தது. அமிர்தவல்லியின் கம்பளி, நாலு சேலை, சீப்பு. சேவுகன் மூட்டையைப் பார்த்தான். காத்தாட்டம் இருந்த பெட்டியைப் பார்த்தான்.

“அமிர்தம்... என்ன இது?”

“‘போகாத ஆத்தா’ன்னு அவ ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டா நின்னுடலாம்னுதாங்க ஒளிச்சு வச்சேன்” என்ற அமிர்தவல்லி, பெட்டியின் கயிற்றை அவிழ்த்துத் தன் சேலைகளை ஒவ்வொன்றாக உள்ளே அடுக்கினாள்.