தள்ளிக்கம்மா, நான் பார்க்கிறேன்

“கண்ணு எதுக்கு இருக்கு? ஸ்க்ரீன்ல சிவப்பா எழுதிக் காட்டுதே, படிக்க வேண்டியதுதானே!”

கடுகம்மா போட்ட சத்தத்தில் ஆபீஸே திரும்பிப் பார்த்தது. எடுத்ததற்கெல்லாம் பொரிவதால் அந்த சீனியருக்கு அப்படி ஒரு பெயர்.

புதிதாகச் சேர்ந்தவளுக்குக் கண் கலங்கிவிட்டது. நாற்பது வயதில் புரோகிராம் எழுத வந்தவள். ஆறு மாதம் கழித்து வேலை நிரந்தரமானால்தான் மகளை அழைத்துக்கொண்டு நாத்தனார் வீட்டு மாடியறையை விட்டுக் கிளம்ப முடியும்.

“எழுதினதுல தப்பில்லேன்னு கம்பைல் ஆயிடுச்சு மேடம். ஃபைலையெல்லாம் சேர்த்து லிங்க் பண்ணும்போதுதான் நிக்குது...”

“அப்படின்னா என்ன அர்த்தம்? நீ கூப்பிட்ட பேரு சரி. ஆளு எங்கேன்னு தேடுது. எந்த ஃபைலை விட்டோம்னு யோசி. கண்டுபிடிக்காம என் பக்கம் வராதே.”

அவள் சீட்டில் வந்து உட்கார்ந்ததும் பக்கத்து நாற்காலி உருண்டு வந்தது. தங்கம் சார். குணத்தைப் பார்த்து ஆபீஸ் வைத்த பெயர்.

“தள்ளிக்கம்மா, நான் பார்க்கிறேன். அந்தம்மா வீட்டுலயும் இப்படித்தான் கத்தும்போல. பாவம், அவங்க வீட்டுக்காரர்!”

அவள் சிரித்துக் கண்ணைத் துடைப்பதற்குள் புரோகிராம் ஓடியது.

“என்ன சார் செஞ்சீங்க?”

“அதெல்லாம் உனக்கெதுக்கு? ஓடுதுல்ல? நான் எதுக்கு இருக்கேன்!”

ஆறு மாதமும் அப்படியே போயிற்று. கூப்பிடக்கூட வேண்டாம், திரை சிவந்தால் சார் வந்துவிடுவார். ‘கூடப் பிறந்தவன்கூட இப்படிச் செய்யமாட்டான்’ என்று மகளிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்தாள்.

வேலையை நிரந்தரமாக்கும் நாள் வந்தது. மேனேஜர் அறையில், இரண்டே ஃபைலில் ஒரு சின்ன புரோகிராம். எதிரே கடுகம்மாவும் தங்கம் சாரும்.

கம்பைல் ஆனது. லிங்க்கில் நின்றது.

எத்தனையோ முறை பார்த்த அதே சிவப்பு வரி. ஒருமுறைகூடப் படித்ததில்லை. தங்கம் சாரைப் பார்த்தாள். அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். எதையோ அழித்தாள், எதையோ சேர்த்தாள். ஒரு பிழை ஏழாயிற்று.

“போதும்மா,” என்ற மேனேஜர் மற்ற இருவரிடமும் திரும்பினார். “என்ன சொல்றீங்க?”

“மூணு மாசம் குடுங்க. என் பக்கத்துல உட்காரட்டும், கத்துக்கும்,” என்றார் கடுகம்மா.

தங்கம் சார் பெருமூச்சு விட்டார்.

“பாவம்தான் சார். ஆனா உண்மையைச் சொல்லணுமே? ஆறு மாசமா எல்லாம் நான்தான் சரி பண்ணேன். சொந்தமா ஒண்ணும் வராது. இதுக்கு முன்னாடி என் பக்கத்துல உட்கார்ந்த ரெண்டு பேரும் இதே கதைதான்.”

“நீங்க மட்டும் இல்லேன்னா இந்த ஆபீஸே நின்னுடும், தங்கம்,” என்றார் மேனேஜர்.

வேலை போயிற்று. அவள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். வாசலுக்குப் பக்கத்து சீட்டில், போன வாரம் சேர்ந்த பெண். திரை சிவந்திருந்தது.

“நீயே ஒரு தடவை படிச்சுப் பாரு...” என்று குனிந்தாள்.

பின்னாலேயே நாற்காலி உருண்டு வந்தது.

“தள்ளிக்கம்மா, நான் பார்க்கிறேன்.”