மூன்று கால் கிண்ணத்தின் எடை

ஆரஞ்சுத் தோல் போட்டுத் தானே காய்ச்சிய தினைமதுவை, வென்லி தன் அம்மாவின் கல்லறை மண்ணில் ஊற்றிவிட்டு வந்தாள். மறுநாள், அவள் வேலை பார்க்கும் அன்யாங் தொல்லியல் ஆய்வகத்தில், மூவாயிரம் ஆண்டுப் பழமையான வெண்கலப் பலிக்கிண்ணத்தின் சீல் வைத்த பெட்டியைத் திறந்தார்கள். கிண்ணத்தின் அடியில் ஈரம். வென்லி சோதித்தாள்: தினை, ஆரஞ்சுத் தோல், இந்த வருடத்து மது.

"உன் கை பட்டுச்சுன்னு அறிக்கையில எழுதிடு வென்லி. இல்லேன்னா வேலை போயிடும்," என்றார் இயக்குநர் ஃபாங்.

"சீலை உடைச்சது நீங்கதானே சார்? எழுத மாட்டேன். இது நேத்து எங்கம்மா கல்லறையில நான் ஊத்தினது."

"செத்தவங்க குடிப்பாங்களா?"

"அப்புறம் எதுக்கு உங்கப்பாவுக்கு வருஷா வருஷம் ஊத்துறீங்க?"

ஃபாங் கிண்ணத்தைக் கழுவி, உலர்த்தி, தராசில் வைத்து, அதன் கண்ணாடிக் கதவைப் பூட்டினார்.

வென்லி மீதி மதுவோடு முற்றத்துக்குப் போய், மாதுளை மரத்தடியில் ஊற்றினாள்.

"இப்ப எழுதுங்க சார்," என்றாள், சன்னல் வழியாக.

தராசின் எண் மெல்ல ஏறிக்கொண்டிருந்தது.