எந்த உப்பு

இன்று நடந்ததை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன். தவறு என் காதிலா, வாயிலா என்று இன்னும் தெரியவில்லை.

பர்வீன் அக்காவின் செயற்கைக் காலில், உலோகக் கணுக்காலின் ஓர் ஓரத்தை மட்டும் மின்சாரத்தால் கரைக்க வேண்டியிருந்தது. மற்ற இடமெல்லாம் பதினோரு வருடமாக அவர் நடந்து நடந்து தேய்த்த வடிவம். சரியான கரைசல் ஊற்றினால், உலோகத்தின் மேலுள்ள மெல்லிய படலம் அந்த வடிவத்தைக் காக்கும்.

"உப்பு ஊத்திடு" என்றார் நான் வேலை பார்க்கும் பட்டறையை நடத்தும் சகாயராணி அக்கா. பட்டறையில் உப்பு என்றால் நைட்ரேட். என் மாலை வகுப்பில் உப்பு என்றால் குளோரைடு. எது என்று கேட்க நினைத்தேன். படிக்கிற பெண்ணுக்கு இதுகூடத் தெரியாதா என்பாரோ என்று கேட்கவில்லை. குளோரைடு ஊற்றினேன். படலம் பிய்ந்து, கணுக்கால் முழுக்கக் குழி குழியாக அரிக்கப்பட்டுவிட்டது.

"ஏண்டி, ஒரு வார்த்தை கேட்டா என்ன?" என்றார் சகாயராணி அக்கா.

அதற்குப் பதிலாகப் பொருத்திய புதுக் கணுக்காலோடு பர்வீன் அக்காவை வீடுவரை கொண்டுபோய் விட்டேன். "விடும்மா. புது மருமக மாதிரி, போகப் போகப் பழகிடும்" என்றார்.

அவர் கணவருக்குக் கண் தெரியாது. காலடிச் சத்தத்தை வைத்துத்தான் மனைவியை அடையாளம் காண்பார். நான் வாசலில் நிற்க, அக்கா மட்டும் படியேறினார்.

உள்ளிருந்து, "யாருங்க?" என்று கணவரின் குரல் வந்தது.