எங்கேஜ்டு சத்தம்

மாலையில் புருஷன் சபேசன் வீட்டுக் கம்ப்யூட்டரைப் போன் லைன் வழியாக ஆபீஸோடு இணைத்துவிட்டால்தான் மரகதத்துக்கு மூச்சு வரும். அதற்கப்புறம் அவன் கை கீபோர்டில் இருக்கும். "தினமும் சாயங்காலம் போன் போட்டுப் பாரு. எங்கேஜ்டா இருந்தா நான் நல்லாயிருக்கேன். மணி அடிச்சா ஓடி வந்துடு" என்று பக்கத்துத் தெருவில் இருக்கும் தன் தம்பியிடம் சொல்லி வைத்திருந்தாள்.

இன்று மூன்றாவது தடவையாக இணைப்பு அறுந்தது. "எவனுக்குடி போன் போட்ட?" என்று ரிசீவராலேயே அவள் வாயை உடைத்தான். ரத்தத்தோடு சரிந்தவளின் முகத்துக்கு நேரே அது ஒயரில் தொங்கி ஆடியது. எடுத்துப் போன்மேல் வைத்துவிட்டால் போதும், தம்பி போடும்போது மணி அடிக்கும். கையை நீட்டினாள். அவன் அவள் விரல்களை மிதித்துக்கொண்டு பெல்ட்டைக் கழற்றினான்.

இந்நேரம் தம்பி நம்பரைப் போட்டுப் பார்த்துவிட்டு, "அக்கா நல்லாயிருக்கு" என்று பொண்டாட்டியிடம் சொல்லிக்கொண்டிருப்பான்.