பற்றிக்குக்கு என்ன வருத்தம்?

"இஞ்சேருங்க, அந்தக் கிழவி திரும்பவும் பார்க்கிறாள்," என்றாள் கமலாவதி, உதடு அசையாமல்.

"நீ பிள்ளையைப் பார்," என்றான் நடராசா.

பிள்ளை என்று அவன் சொன்னது, தள்ளுவண்டிலுக்குள் நீலக் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு கிடந்த மோட்டார் சைக்கிள் பற்றறியை.

வேறு வழியில்லை. முதல்நாள் அதைக் கையில் தூக்கிக்கொண்டு பஸ் ஏறப்போனபோது, "அசிட்! நோன்!" என்று டிரைவர் இறக்கிவிட்டார். அசிட் உள்ள சாமான் பஸ்ஸில் ஏற்றக்கூடாதாம். நடராசாவுக்குத் திங்கட்கிழமை பியர்பொன்ட்ஸில் பேக்கரி வேலை. மட்டக்களப்பை விட்டு இந்தப் பிரெஞ்சு ஊருக்கு வந்தபிறகு கிடைத்த முதல் வேலை. விடியப்புறம் அந்தப் பக்கம் பஸ் கிடையாது. மோட்டார் சைக்கிள் ஓடினால்தான் வேலை. அதுவோ பாதி வழியில் பற்றறி செத்து நின்றுவிடுகிறது.

அதனால் மேல்வீட்டு எலிசாவிடம் பிள்ளை வண்டிலை இரவல் வாங்கி, பற்றறியைப் படுக்கவைத்து, பார்க் எக்ஸ்டென்ஷனிலிருந்து லாசாலில் இருக்கிற பற்றறிக் கடைக்குக் கொண்டுபோனார்கள்.

கடைக்காரர் மீட்டரை வைத்துப் பார்த்தார். பெரிய லைட் ஒன்றைக் கொளுவியும் பார்த்தார். முள் விழவே இல்லை. பிரெஞ்சில் நிறையச் சொன்னார். இவர்களுக்கு விளங்கியது "போன்" மட்டும்தான். நல்லதாம்.

நல்ல பற்றறி ஏன் ஓடஓடச் சாகிறது? அந்தக் கேள்வியோடுதான் இப்போது பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

சிவப்புத் தொப்பி போட்ட அந்த வெள்ளைக்காரக் கிழவி, ஏறினதிலிருந்து வண்டிலோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். ஒருவர் எழும்பி இடம் கொடுத்தார். "மெர்சி" என்றாளே தவிர அசையவில்லை.

"எத்தனை மாதம்?" என்று உடைந்த இங்கிலீசில் கேட்டாள்.

"ரெண்டு வருசம்," என்றான் நடராசா. பொய் சொல்ல வராத மனுசன். பற்றறிக்கு அதுதான் வயது.

"ரெண்டு வருசமா! ஆள் சின்னனாயிருக்கே. பேர் என்ன?"

"பற்றறி..."

கமலாவதி அவன் காலை மிதித்தாள்.

"...பற்றிக்!"

"ஆ, பற்றிக்!"

பஸ்ஸில் இரண்டு மூன்று பேர் திரும்பிச் சிரித்தார்கள். பின்னால் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தவர், பற்றிக் எழும்பிவிடுவான் என்று சத்தத்தைக் குறைத்தார்.

"அசைவே இல்லையே. பற்றிக்குக்குச் சுகமில்லையா?"

"டொக்டரிட்டக் காட்டிப்போட்டுத்தான் வாறம். நல்லாத்தான் இருக்கிறானாம். ராத்திரி முழுக்கக் குடுத்தா விடிய உசாரா இருக்கிறான். வெளியில கொண்டுபோனாக் கொஞ்ச நேரத்தில செத்துப்போறான்."

கமலாவதிக்கு மயக்கம் வராத குறை.

கிழவியோ மெதுவாகத் தலையாட்டினாள். "அப்ப அவனில பிழையில்லை. வழியில அவனுக்கு ஒண்டும் கிடைக்கிறதில்லைப் போல."

கமலாவதிக்குச் சுர்ரென்று ஏறியது. "கேட்டீங்களா? நான் பிள்ளைக்குப் பால் குடுக்காமப் பட்டினி போடுறனாம்!"

"கமலா, அது பற்றறி."

"பற்றறியெண்டாலும், ஒரு தாயைப் பார்த்து இப்பிடிச் சொல்லலாமா?"

அந்த நேரம் பார்த்து டிரைவர் கண்ணாடியில் இவர்களை உற்றுப் பார்த்தார். உடனே கிழவி தன் கோட்டை அகல விரித்துக்கொண்டு, வண்டிலுக்கு மேல் குனிந்து, பற்றிக்குக்குப் பிரெஞ்சில் தாலாட்டுப் பாடத் தொடங்கினாள். கம்பளியை வேறு இழுத்து இழுத்துச் செருகினாள்.

"கையைப் போடுறாள்! தூக்கப்போறாள்!"

"பேசாம இரு."

நல்லகாலம், தூக்கவில்லை. மெட்ரோ ஸ்டேசனடியில் எல்லாரும் இறங்குகிற நேரம், நடராசாவின் காதுக்குள் ஏதோ கிசுகிசுத்துவிட்டு, அவன் தோளில் தட்டிவிட்டுப் போய்விட்டாள். நடராசாவின் முகம் வெளிறிப்போனது.

"என்னவாம்? பொலிசுக்குச் சொல்லப்போறாளாமா?"

அவன் வாயைத் திறந்தான். கமலாவதி விடவில்லை. மெட்ரோவில் வீடு வரும்வரைக்கும் அவளுடைய கச்சேரிதான். "எங்கட சனத்துக்குப் பிள்ளை வளர்க்கத் தெரியாதெண்டு நினைச்சிட்டாள். எப்பிடி முறைச்சுக்கொண்டு நிண்டவள்! இவள மாதிரி ஆக்களாலதான் இந்த ஊரில நிம்மதியா ஒரு பஸ்ஸில போகேலாமக் கிடக்கு."

வீட்டு வாசலில் நடராசா வண்டிலை நிறுத்தி, நேரே மோட்டார் சைக்கிளிடம் போனான். என்ஜினிலிருந்து பற்றறிக்குக் கரண்ட் கொண்டுவருகிற வயர்களின் பிளக்கைத் தேடிப்பிடித்துக் கழற்றினான். உள்ளே கரிக்கட்டை. எரிந்துபோயிருந்தது.

அதை வெட்டி எறிந்துவிட்டு, வயர்களை நேரே திருகிக் கட்டினான். பற்றறியைப் பூட்டி ஸ்ராட் பண்ணினான். கைபிடியை முறுக்க முறுக்க முன் லைட் பளீரென்று எரிந்தது. இத்தனை நாளும் முறுக்கினாலும் மங்கிக்கொண்டே போன லைட்.

கமலாவதிக்கு நம்பமுடியவில்லை. "கடைக்காரனுக்கே தெரியாதது உங்களுக்கு எப்பிடித் தெரிஞ்சது?"

"எனக்கெங்க தெரியும்? அந்த அம்மாதான் இறங்கேக்க சொன்னவ. அவட புருசனும் ஒரு காலத்தில மோட்டார் சைக்கிள் ஓடினவராம்."

"அப்ப... அது பற்றறியெண்டு அவவுக்குத் தெரியுமா?"

"ஏறின உடனேயே தெரியுமாம். 'பற்றிக்கைப் படுக்க வையாதங்க, தம்பி, அசிட் சொட்டுது. டிரைவர் கண்டா உங்களை இறக்கிப்போடுவான் எண்டுதான் என்ட சால்வையைக் கீழ போட்டு, அதுக்கு மேல ஏறி நிண்டுகொண்டு வந்தனான்' எண்டவ."