உள்ளே ரெண்டு பேர்

“தனியா வந்தவுகள மேல விட மாட்டோம்மா” என்றார் வனக்காவலர் முத்துராஜ். “வழியில மூணு அருவி இருக்கு. வழுக்கி விழுந்தா யாரு வந்து சொல்லுவாக?”

செல்வலட்சுமி அருப்புக்கோட்டையிலிருந்து எண்பது கிலோமீட்டர் ஸ்கூட்டர் ஓட்டி வந்திருந்தாள். அதுவும் தோழியிடம் இரவல் வாங்கிய ஸ்கூட்டர்.

“தனியா யாரு வந்தா? வீட்டுக்காரரு பின்னால வாராரு.”

முத்துராஜ் நோட்டில் இரண்டு பேர் என்று எழுதிவிட்டுக் கம்பிக் கதவைத் திறந்தார்.

வீட்டுக்காரர் ராமசுப்பு ஆடு வாங்க முதல் பஸ்ஸிலேயே நரிக்குடிக்குக் கிளம்பியிருந்தார். வருசா வருசம் அவரோடு அருவிக்குப் போனவள்தான். தலை நனைவதற்குள், “போதும், பஸ்ஸுக்கு நேரமாச்சு” என்பார். ஒரு தடவையாவது வேண்டிய மட்டும் நிற்க வேண்டும். அவர் திரும்புவதற்குள் வீட்டில் இருந்துவிட்டால் பிரச்சினை இல்லை. தெரிந்தால் அடுத்த தெருவுக்குக்கூடத் தனியாக விடமாட்டார்.

பாதை நெடுக இதே கேள்விதான். புளியோதரைப் பொட்டலம் பிரித்த குடும்பம் கேட்டது. “தனியாவா வந்தீக?”

“பின்னால வாராரு.”

கம்பு ஊன்றி இறங்கிய பெரியவரும் அதையே கேட்டார். அவருக்கும் அதே பதில்: “பின்னால வாராரு.”

ஒரு பெண் எட்டியே பார்த்துவிட்டாள். “எங்க, காணோம்?”

செல்வலட்சுமிக்கு எரிச்சல் மூண்டது. புருசனை விட்டுவிட்டு வந்தாலும் காட்டில் சுமந்துகொண்டு நடக்க வேண்டியிருக்கிறது.

மூன்றாவது அருவிக்கு முன்னால் சேலையை இழுத்துச் செருகும்போது போன் அடித்தது. ராமசுப்பு. எடுக்காவிட்டால் பத்துத் தடவை அடிப்பார்.

“எங்க இருக்க?” கத்தித்தான் பேசினார். வழக்கம்தான்.

“வீட்லதான். எங்க போகப்போறேன்?”

“என்ன அம்புட்டு இரைச்சலு?”

“பக்கத்து வீட்ல போர் போடுறாக.”

“தண்ணி வந்துச்சா?”

சாரல் அவள் முகத்தில் அடித்தது. “எங்க வருது? வெறும் புழுதி.”

“சரி சரி. ஆட்டுக்கு வெல இன்னும் படியல. ஆறு மணிக்கு வந்துருவேன். காப்பி போட்டு வையி.”

ஒரு மணி நேரம் நின்றாள். இறங்கும்போது ஆம்பளைகள் குளிக்கிற முதல் அருவியைத் தலை நிமிராமல் கடந்தாள். கதவடிக்கு வந்தபோது மணி மூன்று.

“அவுக எங்க?” என்றார் முத்துராஜ்.

“யாரு?”

“வீட்டுக்காரரு. ரெண்டு பேரா போனவுகள ரெண்டு பேராத்தான் வெளிய விடுவோம்.”

“வருவாரு. நீங்க கதவைத் தெறங்க.”

“போன மாசம் இப்படித்தான் ஒரு அம்மாவ விட்டுட்டு, அவுக வீட்டுக்காரர நாலு பேரு தேடி அலைஞ்சோம்.”

மூன்றரை ஆனது. நாலேகால் ஆனது. வீட்டுக்கு இரண்டு மணி நேரம் ஓட்ட வேண்டும். மரத்தடிக் கல்லில் உட்கார்ந்திருந்த செல்வலட்சுமிக்குப் பொறுமை போனது.

“சார், நான் சொன்னது பொய். அவரு வரவே இல்ல. தனியாத்தான் வந்தேன்.”

“சண்டைய வீட்ல போயி வச்சுக்கங்கம்மா. ‘வீட்டுக்காரி முன்னால போறா’ன்னு ஒங்களுக்குப் பின்னாலயே வந்தாரு. நான்தான உள்ள விட்டேன்.”

“அது வேற யாரோ சார்.”

“யாரோவா?”

“எம் புருசன் எங்க இருக்காருன்னு எனக்குத் தெரியாதா? நரிக்குடியில ஆட்டுப் பல்லப் புடிச்சுப் பாத்துக்கிட்டு இருக்காரு.”

முத்துராஜ் மேலே கை காட்டினார். “அந்தா வாராக பாருங்க.”

ஈரத் துண்டால் தலையைத் துவட்டியபடி விறுவிறுவென்று இறங்கி வந்த ராமசுப்பு, மரத்தடிப் பக்கம் திரும்பாமலே முத்துராஜிடம் அவசரப்பட்டார்.

“கதவைத் தெறங்க சார், பஸ்ஸுக்கு நேரமாச்சு. எங்கூட வந்த வீட்டுக்காரி முன்னாலயே எறங்கிப் போயிட்டா.”